குற்றாலத்தில் கேட்ட குவேலா

1962, ஆனி மாதம். கல்லூரி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. சென்னையிலிருந்து நாங்கள் நான்கு பேர் கொல்லம் மெயிலில் மூன்றாம் வகுப்பில் தென்காசிக்குப் போய்க்கொண்டிருந்தோம். என்னைத் தவிர மற்ற மூவரும் ஆப்பிரிக்கர்கள், என்னோடு ஒரே விடுதியில் இருப்பவர்கள். கோஃபிக்குக் கானா நாட்டு அக்ரா. முவாங்கிக்குக் கென்யா. தெம்பா தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க்கைச் சேர்ந்தவன்.

குற்றாலத்தில் குளிப்பதோடு இன்னொரு வேலையும் இருந்தது. விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து மூவருக்குள்ளும் ஒரு வழக்கு. கோஃபிக்கு அவன் ஊர் ஹைலைஃப்தான் சங்கீதம். முவாங்கி, காங்கோவிலிருந்து வந்து கென்யா முழுவதையும் பிடித்துக்கொண்ட ரும்பாவுக்கு முன் எதுவும் நிற்காது என்பான். தெம்பாவின் கட்சி குவேலா, அவன் ஊர்த் தெருக்களில் பையன்கள் தகரக் குழலில் ஊதுகிற துள்ளல் பாட்டு. விடுதியில் சத்தம் போட்டால் வார்டன் வந்துவிடுவார். அதனால் குற்றாலத்தில் ஒருநாள் ஆட்டப் போட்டி வைத்து வழக்கைத் தீர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. கோஃபி ஒரு மாதமாகத் தன் கிராமபோன் பெட்டியையும் இசைத்தட்டுகளையும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான்.

பொழுது விடிந்து விருதுநகர் தாண்டியதும், வாசலருகே நின்றிருந்த தெம்பாவிடம், இதுதான் என் ஊர் என்று சொன்னேன். உன் அம்மா இங்கேதான் இருக்கிறார்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கரிசல் காட்டைப் பார்த்தபடி, தன் அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னான். கிளம்புகிற அன்று காலை தந்தி வந்ததாம். ஊரிலிருந்து அவன் தாய்மாமன் அடித்திருக்கிறார். அடக்கமெல்லாம் முடிந்துவிட்டது.

ராஜபாளையத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றேன்.

"எங்கே திரும்புவது?" என்றான். அவனைப் படிக்க வெளியே விட்டபோதே, இனி தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புவதில்லை என்று அந்த அரசாங்கத்தார் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் அன்றுதான் உறைத்தது. "கோஃபியிடம் சொல்லாதே. சொன்னால் பெட்டியைத் திறக்கவே மாட்டான். போட்டி முடியட்டும்."

பத்து மணிக்கு மேல் தென்காசியில் இறங்கினோம். கோபுரமில்லாத மொட்டை வாசலோடு நின்ற பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுக் குற்றாலத்துக்குப் பஸ் பிடித்தோம். மூன்று மைல், பதினைந்து நயா பைசா. வழியிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. மலைமேல் மேகம் கிடந்தது. நடத்துநர் கோஃபியின் கிராமபோன் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன அண்ணாச்சி வச்சிருக்கிய?" என்று என்னிடம் கேட்டார். பாட்டுப் பெட்டி என்றேன். அதற்கும் ஒரு அரை டிக்கெட் கிழித்தார்.

சந்நிதித் தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடி கிடைத்தது. நாளைக்கு நான்கு ரூபாய். வீட்டுக்காரருக்குத் தென்காசியில் மளிகைக் கடை. சீசனில் மாடியை வாடகைக்கு விடுவார்கள். அவர் மனைவி சங்கரவடிவு அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். முதல் நாள் தள்ளி நின்றே பேசினார். சொதிக் குழம்பை முவாங்கி மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது. போட்டிக்கு நீங்கள்தான் நடுவர் என்று சொன்னதும், எனக்கென்ன தெரியும் என்று சிரித்தார். ஆனாலும் மறுநாள் நான்கு மணிக்கே தலை சீவிப் பூ வைத்து, கணவரையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். பக்கத்து அறையில் தங்கியிருந்த செங்கோட்டைப் புதுமணத் தம்பதியும் வந்து கதவோரம் நின்றார்கள். பரிசு ஒரு கூடை மங்குஸ்தான்.

ஆளுக்கு மூன்று பாட்டு. யார் பாட்டானாலும் மூவரும் ஆட வேண்டும். முதலில் ஹைலைஃப். கித்தாரும் எக்காளமும் கலந்து, அவசரமே இல்லாமல் போகிற பாட்டு. கோஃபி தோளை லேசாகச் சாய்த்துச் சாய்த்துத் தரையைத் தேய்த்துக்கொண்டு நடந்தான், கடைவீதியில் புதுச் சட்டையோடு போகிறவன் போல. அடுத்தது ரும்பா. முவாங்கி ஒரு தலையணையை ஜோடியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சுழன்றான். புதுப்பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

தெம்பாவிடம் இசைத்தட்டு இல்லை, குழல்தான். ஊதுவதற்கு முன், குவேலா என்றால் 'ஏறு' என்று அர்த்தம் என்று சொல்லி, அதை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னான். போலீஸ்காரர்கள் வண்டியில் ஆட்களைத் தள்ளும்போது போடுகிற சத்தமும் அதுதானாம். அதை நான் மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. குழலைக் கடைவாயில் சாய்த்துக்கொண்டு, ஊதிக்கொண்டே முழங்கால்களை உதறி உதறி ஆடினான். பலகைத் தளம் அதிர்ந்தது. வீட்டுக்காரர் தம்மை அறியாமல் கை தட்டினார். மூன்றாவது பாட்டில் ஒரு இடத்தில் மூச்சு அறுந்தது. மறுபடி பிடித்தான். மறுபடியும் அறுந்தது. கோஃபி சும்மா இருக்கவில்லை. மூன்று பாட்டுக்கே இப்படி இளைக்கிறாயே, கிழவா என்று கத்தினான். முவாங்கியும் சேர்ந்து சிரித்தான். தெம்பாவும் சிரித்தான். விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கடைசிவரை ஊதி முடித்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கரவடிவு அம்மாள் யோசிக்கவே இல்லை. "அந்தக் கொழல் ஊதுன தம்பிக்குக் குடுங்க. மத்தவுக ஆடுனாவ, பாத்தேன். இவுக ஊதையில எனக்குக் காலு தரையில நிக்கல" என்றார். கோஃபி கூடையைத் தலையில் தூக்கிவைத்து மண்டியிட்டுக் கொடுத்தான். உடனே பழத்தைப் பிளந்து எல்லோரும் தின்றோம். அன்றைக்கு தெம்பா சொன்னான்: அம்மாவுக்கு அந்தக் குழலே பிடிக்காது, தெருவில் ஊதினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று ஒளித்து ஒளித்து வைப்பாளாம். கோஃபி அதைக் கேட்டும் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாதே.

மூன்றாம் நாள் காலை பேரருவிக்குப் போனோம். கோஃபியும் முவாங்கியும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். வழியில் மரத்தடியில் நாவிதர் ஒருவர் இரண்டு பேருக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார். தெம்பா அங்கேயே நின்றுவிட்டான். இவர்கள் ஏன் சிரைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டான். வேண்டுதலாக இருக்கலாம், வீட்டில் யாராவது இறந்திருக்கலாம் என்றேன். எங்கள் ஊரிலும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போய்க் கல்லில் உட்கார்ந்தான்.

நாவிதர் அந்தச் சுருள் முடியில் தண்ணீரைத் தடவியபடி என்னிடம் கேட்டார். "வேண்டுதலா தம்பி? இல்ல, இவுக வீட்டுல யாருமா?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தெம்பா தலை நிமிராமல், "மாமா" என்றான். அவன் மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல். நாவிதர் அதைத் தாய்மாமன் என்று எடுத்துக்கொண்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மையா" என்றார் அவர். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடித்து வந்தார். பிறகுதான் கத்தியை எடுத்தார்.

எண்ணெய்த் தலையோடு கோஃபி வந்தான். என்ன இது, வெயிலே இல்லாத ஊரில் என்று ஆரம்பித்தவன், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். தெம்பா இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். கோஃபி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் ஈரத் தரையில் தெம்பாவின் காலடியில் உட்கார்ந்து, விழுகிற முடியைத் தன் துண்டில் ஏந்திக்கொண்டான். முவாங்கி சற்று விலகி மலையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அப்புறம் நால்வரும் அருவிக்குள் போனோம். அங்கே யார் என்ன சத்தம் போட்டாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. தெம்பா பாறையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். தோள்கள் குலுங்கின. தண்ணீர் அடித்ததாலா, வேறெதனாலா, தெரியவில்லை. வெகுநேரம் அவன் வெளியே வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் சங்கரவடிவு அம்மாள் அவன் தலையைப் பார்த்தார். நான் சொன்னேன். "தாயப் பறிகுடுத்துட்டா அப்படி ஊதுச்சு அந்தப் புள்ள?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாப்பாடு போடும்போது அவனுக்குத் தாமே பரிமாறினார்.

தென்காசியில் இரண்டு மணிக்குப் பாசஞ்சர். மற்ற மூவரும் மதுரையில் வண்டி மாறிச் சென்னை போக வேண்டும், நான் விருதுநகரில் இறங்க வேண்டும். ராஜபாளையம் தாண்டியதும், என்னோடு இறங்கிவிடு, எங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வா என்று தெம்பாவிடம் சொன்னேன்.

"இன்றைக்கு இன்னொருவன் அம்மாவைப் பார்க்க என்னால் ஆகாது" என்றான். "அவர்கள் என் தலையைப் பார்த்துக் கேட்பார்கள். நீ மறுபடியும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்."

பின்னாளில் படிப்பு முடிந்து அவன் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாருஸ்ஸலாமுக்குப் போனான் என்றும், அங்கிருந்தும் ஊருக்குப் போக முடியவில்லை என்றும் கோஃபி சொல்லித் தெரிந்தது. அன்று மாலை எனக்குத் தெரிந்ததெல்லாம், விருதுநகரில் என்னை இறக்கிவிட்டு வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் அவன் கையை உயர்த்தியதும், கோஃபி அவன் தோளைப் பிடித்தபடியே இருந்ததும்தான்.

எனக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு பத்து நிமிஷ நடை. எந்தக் கையெழுத்தும் போடாமல் தெருவுக்குள் நுழைந்தேன். அம்மா கதவைத் திறந்து, அருவியில தண்ணி நல்லா விழுந்துச்சா என்று கேட்டார். நல்லா விழுந்துச்சு என்றேன். தலை இன்னும் ஈரமாயிருக்கே என்று துவட்டிவிட வந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் குனிந்து கொடுத்தேன்.