இரண்டு மாவுக்கு உரம்

"மீன் தொட்டிக்குள்ள உசுரோட செடி நிக்குமா டீச்சர்? பிளாஸ்டிக்ல வச்சா வேல முடிஞ்சுது" என்றார் பள்ளி அலுவலக உதவியாளர். வேதியியல் ஆசிரியையாக நான் சேர்ந்த புதிது. நிற்கும் என்று சொல்லி, வரவேற்பறைத் தொட்டியை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டு செடிகள் நட்டேன்.

கொஞ்ச நாளில் பழைய இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள் விழுந்தன. துளிர் மட்டும் நன்றாக இருந்தது. பழைய இலையிலிருந்து சாம்பல் சத்தை உருவித்தான் செடி துளிர்விடுகிறது என்று புரிந்தது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மீனின் கழிவிலிருந்தே ஓரளவு கிடைத்துவிடும். சாம்பல் சத்தான பொட்டாசியம் அப்படிக் கிடைக்காது. மதிய இடைவேளையில் பொட்டாசியம் சல்பேட் வாங்க உரக்கடைக்குப் போனேன்.

"எத்தன மாவுக்கும்மா?" என்றார் கடைக்காரர். எங்கள் பக்கம் நிலத்துக்கு மா கணக்குதான்.

மீன் தொட்டிக்கு என்றால் இங்கேயும் சிரிப்பார்கள். "ரெண்டு மாவுக்குங்க" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

"எப்ப வாங்குனீங்க? ஒங்கப்பன் மூச்சே விடலியே."

பின்னால் நின்றவர், அப்பா கூலிக்குப் போகும் வயலின் சொந்தக்காரர். "நாளைக்கு நாத்துப் பறிக்க வருவான்ல, கேக்குறேன். இனிமே நாமதான் அவன் வயலுக்குப் போவணும்போல." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்பாவை 'அவன்' என்றது எனக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. பொய் அகப்பட்டுவிட்டதே என்றுதான் காது சுட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பள்ளிக்குத் திரும்பி, தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றி, உரத்தைக் கரைத்து அளந்து ஊற்றினேன்.

"மீனெல்லாம் நல்லாருக்கா?" என்று இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டார்.

"இருக்குப்பா." தட்டைக் கழுவ எழுந்தேன். நாற்றங்காலில் எல்லார் நடுவிலும் அவரிடம் கேட்பார்கள். என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

விடிந்ததும், அப்பா டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்தேன். வயல்காரர் பம்புசெட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்தவர்கள் சிலரும் நின்றார்கள். அவர்கள் நகரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"எங்களுக்கு நெலம் ஏதும் இல்லைங்க சார். நேத்து நான் சொன்னது பொய். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவர்ட்ட கேக்காதீங்க" என்றேன்.