தயிரை விட்ட பெரியப்பா

உயிர்க்கொலை கூடாது என்பதில் எங்கள் பெரியப்பா படு கெட்டி. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அங்கே யாராவது கேக் கொடுத்தால், முட்டை சேர்ந்திருக்கும் என்று தொடாமல் எங்களுக்குக் கொண்டுவந்துவிடுவார். அதனால் அவருடைய கொள்கைமேல் எங்களுக்கு ரொம்ப மரியாதை.

அதற்கு வேட்டு வைத்தவன் என் அண்ணன். பள்ளிக்கூடத்தில் நுண்ணோக்கி வழியாகத் தயிரைக் காட்டினார்களாம். ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைப் பக்கம் நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "பெரியப்பா, தயிர் முழுக்க உயிருள்ள கிருமி லா. ஒரு கரண்டியில கோடிக்கணக்குல இருக்கு" என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா, பாவி! பெரியப்பா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

அன்றோடு தயிரும் மோரும் போயிற்று. இட்லி மாவு எதனால் பொங்குகிறது என்று அண்ணனையே கூப்பிட்டு விசாரித்தார். இட்லி தோசையும் போயிற்று. தயிர் இல்லாமல் சோறும் அவருக்கு இறங்கவில்லை. மிஞ்சியது ரொட்டியும் டின்பால் கோப்பியும். ரொட்டி எப்படி உப்புகிறது என்று அவரும் கேட்கவில்லை, அண்ணனும் வாய் திறக்கவில்லை.

சில வாரங்களில் மனிதர் ஆளே மாறிவிட்டார். வயிறு உப்பிக்கொண்டது, பசி செத்துவிட்டது. அவர் கழிவறைக்குள் போனால் வெளியே நாங்கள் தவம் கிடக்க வேண்டும். காய்கறியும் மோரும் சேர்க்கச் சொன்ன டாக்டரிடமும் மசியவில்லை. கடைசியில் வேலைக்கும் போகாமல் படுத்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது.

பெரியம்மா அதிர்ந்து பேசாதவர். அன்று, எங்களுக்காக உறை ஊற்றியிருந்த தயிர்ச் சட்டியைப் பெரியப்பா முன்னால் ணங்கென்று வைத்தார்.

"இதுல இருக்கிறது உசுருன்னா, இத்தனை வருஷமா நீங்க தின்னது உங்க வயித்துல இருக்காதா? அதுங்களைப் பட்டினி போட்டுக் கொல்றீங்களே, அது மட்டும் பாவம் இல்லையா?"

பெரியப்பா திகைத்துப்போய் அண்ணனைப் பார்த்தார். "வயித்துலயும் கிருமி இருக்குன்னுதான் டீச்சர் சொன்னாங்க" என்று அவன் முணுமுணுத்தான். பெரியப்பா யோசித்துவிட்டுத் தட்டை நீட்டினார். தர்மத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லவா! உடம்பு உடனே தேறிவிடவில்லை. கீரையும் மோருமாக மெல்லத்தான் தேறியது.

அன்று அவர் சாப்பிட்டு எழுந்ததும் பெரியம்மா உட்கார்ந்தார். சட்டியில் மிச்சமிருந்த தயிரையெல்லாம் சோற்றில் கொட்டிப் பிசைந்து, கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். எங்களுக்குத் துளிகூட வைக்கவில்லையே என்று எனக்கு ஒரே கோபம். அத்தனை நாளும் பெரியம்மாவும் தயிரைத் தொடவில்லை என்பதை நான் கவனித்திருக்கவே இல்லை.