கேட்காமல் வந்த பில்

சாப்பிட வந்தவர் கேட்காமல் பில்லைக் கொண்டுபோய் வைப்பதும், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதும் ஒதீலுக்கு ஒன்றுதான். லியோன் நகரத்து உணவகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் பரிமாறியவள் அவள். மனைவியை இழந்த பெசோன் தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு, காலிக் கோப்பையோடு இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். வாசலில் கூட்டம் நின்றாலும் ஒதீல் பில்லோடு அந்தப் பக்கம் போனதில்லை. "வீட்டுல அவருக்குப் பேச ஆளில்ல. இங்க நாலு பேரு சத்தமாவது கேக்கட்டுமே" என்பாள்.

புது முதலாளி ரெஜிஸ் வந்ததும், வேகம் போதவில்லை என்று அவளை அனுப்பிவிட்டான்.

ஒரு வருஷம் கழித்து அங்கே சாப்பிடப் போனாள். வெங்காயம் வதங்கும் அதே வாசனை. பெசோன் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். காபி வந்தது. கூடவே பில்லும் வந்தது.

"நான் கேட்டேனா?"

"உங்களக் காக்க வைக்க வேணாமேன்னுதான், மேடம்" என்றான் ரெஜிஸ்.

ஒதீல் பில்லைத் தட்டுக்கு அடியில் தள்ளினாள். "ஒரு தடவ என்னை அனுப்பிட்டீங்க, முதலாளி. இன்னைக்கு நானாத்தான் எந்திரிப்பேன். இன்னொரு காபி கொண்டாங்க."