ஈரத் தலை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒருத்தி காலையில் தலைக்கு ஊற்றினால் அது வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் செய்தி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தால் மறுநாள் தலை முழுகாமல் அடுப்படிக்குள் போகக் கூடாது என்பது முறை. அதனால் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குடத்தோடு வருகிறவர்கள் முதலில் முடியைத்தான் பார்ப்பார்கள். ஈரமாக இருந்தால் கேலி செய்வார்கள். நாள் கணக்கில் காய்ந்தே கிடந்தால் கேலி நின்றுவிடும். நின்ற பிறகுதான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது.

ஏழாம் மாதத்தில் என் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அதன் பிறகு நான் எழும்பவில்லை. சோறு இறங்கவில்லை, கொழுந்துக் கூடையைப் பார்த்தாலே அழுகை. ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிக் கரையில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு, மனசுக்கு மருந்து கொடுக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அந்த மாத்திரை வேலை செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச மாதத்தில் மறுபடி மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

ஆனால் அவர் கை என் மேல் பட்டால் கம்பளி பட்ட மாதிரி இருந்தது. வெறுப்பு இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. என் உயிரைத் திருப்பிக் கொடுத்த மாத்திரை ஆசையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

கிளினிக்கில் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா என்று கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை. டாக்டர் பேசுவது சிங்களம், எனக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். இடையில் நின்று சொல்கிறவர் என் மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம். அவரிடம் சொல்வதும் லிந்துலை டவுனில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மாமி பேரப்பிள்ளையை என் கூந்தலில் தேடிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சேலைப் பெட்டியில் அந்தப் பிள்ளைக்குத் தைத்த சட்டை இன்னும் கிடந்தது. அதனால் சும்மாவே தலைக்கு ஊற்றத் தொடங்கினேன். பனிக்காலத்துப் பீலித் தண்ணீர் மண்டையைப் பிளக்கும். மாமிக்கு முகம் மலர்ந்துவிடும், அன்றைக்கு அடுப்பிலிருந்து இறங்கும் முதல் கோப்பைத் தேத்தண்ணி எனக்குத்தான். வீட்டுக்காரர் என் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேலைக்குப் போவார். அதுதான் எனக்குக் குளிரைவிடக் கஷ்டமாக இருந்தது.

இத்தனை ஈரத்துக்கும் பலனில்லையே என்று மாமி என்னை ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப் போனார். வைத்தியர் நாடி பார்த்துச் சாத்தாவாரிக் கிழங்குப் பொடி கொடுத்தார். சிங்கள வீடுகளில் இலையைக் கஞ்சி காய்ச்சுவார்களே, அதே கொடியின் கிழங்கு. பாலில் கலந்து குடிக்க வேண்டும்.

"இங்கிலீஷ் மருந்து ஒடம்புல இருக்கிற வரைக்கும் இது புடிக்காதும்மா. அத நிப்பாட்டிருங்க" என்றார்.

யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் இருந்தேன் போலிருக்கிறது. அன்றே நிறுத்தினேன்.

கொஞ்ச நாளில் அது வந்தது. பொடியாலா, மாத்திரை போனதாலா, எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் அவர் மழையில் நனைந்து வந்து சட்டையைக் கழற்றினார். அந்த முதுகைத் தொட வேண்டும் போல் இருந்தது. தொட்டேன். அவர் திரும்பவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. மறுநாள் உண்மையாகவே தலைக்கு ஊற்றினேன்.

"என்னா தங்கச்சி, இன்னைக்குப் பீலியில சுடுதண்ணியா வருது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது வெட்கமும் சந்தோஷமுமாக ஓடி வந்தேன்.

அந்த மழைக்காலம் முடியுமுன் பழையது திரும்பிவிட்டது. பசி போனது, தூக்கம் போனது, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எழும்ப முடியவில்லை. மறுபடியும் தொட்டிக் கரை. மறுபடியும் அவர்தான் வந்தார்.

"மாத்திரய நிப்பாட்டிட்டியா புள்ள?"

"உங்களுக்காகத்தாங்க."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "எனக்கு நீ இருக்கணும். மத்தது இல்லாட்டியும் பரவாயில்ல" என்றார். முப்பது வயதைத் தாண்டாத மனிதர்.

அடுத்த கிளினிக்கில் இடையில் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெரிந்த சிங்களத்தில், காதெல்லாம் சிவக்க அவரே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. மருந்தால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, முதலில் தேறி வரட்டும், பிறகு வேறு மருந்து மாற்றிப் பார்க்கலாம், நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். மாற்றியும் ஆயிற்று. இன்னும் ஒன்றும் தெரியவில்லை. காத்திருக்கிறோம்.

மாமிக்கு இதெல்லாம் தெரியாது. அதனால் பொய்த் தலைமுழுக்கும் நிற்கவில்லை. போன வாரம் ஒரு காலையில் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் புறப்பட்டேன். அடுப்படியில் புகை. முந்தின இரவு எனக்கு முதுகு காட்டிப் படுத்திருந்த மனிதர் குந்தி உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்தது.

"பச்சத் தண்ணி வேணாம் புள்ள, தடிமன் புடிச்சிரும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இதுல தலைக்கு ஊத்திக்க. அம்மா எந்திரிச்சிருச்சு."