வலது முட்டிக்கு மட்டும் பூச்சு

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷமாகத் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் அவரை, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரை வைத்து, ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். அரை நூல் ஏற்றத்தாழ்வு தெரிந்தாலும் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிப்பார். எந்தப் புதுப் பசையையும் லேசில் நம்பமாட்டார். ஒரு கல்லைப் பழைய பசையிலும் ஒரு கல்லைப் புதுப் பசையிலும் பதித்து, ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார். நல்ல பழக்கம்தான். அதைத் தன் உடம்பிலேயே காட்டுவார் என்று நான் கண்டேனா?

போன வருஷம் இரண்டு முட்டியும் தகராறு பண்ண ஆரம்பித்தன. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். மண்டி போட்டு எழுந்தால் கரகரவென்று சத்தம் வரும். நாற்காலியிலிருந்து எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டும். வலியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வேலை கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான் மனுஷனை அரித்தது.

எங்கள் மகள் ஒரு டப்பா கொலாஜன் பவுடர் வாங்கி வந்தாள். "அப்பா, தினம் காலையில தண்ணியில கலக்கிக் குடிங்க. மூட்டுக்கு நல்லதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"எதுலேர்ந்து எடுக்கறாங்க?"

"மாட்டுத் தோல், எலும்புன்னு போட்டிருக்குப்பா."

"அட, அப்ப தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சற வஜ்ஜிரம் மாதிரிதானே!" என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஆறு வாரம் போனது. அவருடைய பேண்ட்டைத் துவைக்க எடுத்தால் வலது முட்டி மட்டும் கஞ்சி போட்டதுபோல விறைத்திருந்தது.

"என்னங்க இது?"

"பூச்சு."

"என்ன பூச்சு?"

"குடிச்சா வயித்துக்குத்தானே போகும்? முட்டி எங்க இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒட்டற இடத்துலதான் பசையை வைக்கணும். வலதுக்குப் பூசறேன், இடதை அப்படியே விட்டிருக்கேன். சாம்பிள்டி!"

தலையில் அடித்துக்கொண்டேன். "கடவுளே, இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்ணுவேன்!"

"கத்தாதே. வலது எவ்வளவோ தேவலை, தெரியுமா?"

தேவலையாகாமல் என்ன செய்யும்? பூச்சு காய வேண்டுமாம். ஆறு வாரமாக வலது முட்டியை அவர் தரையிலேயே வைக்கவில்லை. மொத்த பாரமும் இடது முட்டியில்! அடுத்த வாரமே அது பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கதையைக் கேட்ட டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பூசினா ஒண்ணும் ஆகாதுங்க. குடிச்சா சிலருக்கு வலி கொஞ்சம் குறையலாம். அதையும் உறுதியாச் சொல்ல முடியாது. தேஞ்ச ஜவ்வு திரும்ப வளரும்னு மட்டும் நம்பிடாதீங்க. தொடைக்குப் பயிற்சி பண்ணுங்க, எடையைக் குறைங்க. மண்டி போடறதை விட்டுடுங்க."

"என் வேலையே அதுதானே டாக்டர்?" என்றார் இவர்.

மூன்று வாரம் வீட்டில் கிடந்தார். மீதிப் பவுடரைப் பேசாமல் குடித்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவார், நான் எண்ணுவேன். ஒரு பேச்சு கிடையாது, ஒரு கிண்டல் கிடையாது. அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவருக்குச் சொல்லாமல், அவருக்கு வேலை கொடுக்கும் காண்ட்ராக்டரிடம் போய் நின்றேன்.

"அவருக்கு முட்டிதாங்க போச்சு, கண்ணும் காதும் போகலை. மத்தவங்க பதிக்கற தரையைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டாமா உங்களுக்கு?"

காண்ட்ராக்டர் யோசித்துவிட்டு, "வரச் சொல்லுங்கம்மா" என்றார்.

இவர் கையில் ஒரு நீளக் கம்பு. நின்றபடியே ஒவ்வொரு கல்லாகத் தட்டி, அடியில் பசை பிடிக்காமல் பொள்ளென்று சத்தம் வரும் கல்லைக் காட்ட வேண்டும். அதுதான் வேலை. முதல் நாள் போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எட்டுக் கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். பெயர்த்துப் பதிச்சாங்க. ஒண்ணைக்கூட நான் தொடலை."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நின்னுக்கிட்டுப் பார்த்தா தரை எவ்வளவு தூரத்துல இருக்கு தெரியுமாடி?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்குப் போவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"போவேன்" என்றார்.