இருசம்மாள் அளந்த கிணறு

தா.பழூர் பக்கம், கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றுக்குப் பன்னிரண்டு வருஷமாக மோட்டார் போட்டு விடுகிறவர் இருசம்மாள். ஆற்றோரக் கிணற்றில் குழாயின் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால், மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிப்போகும். வேலைக்கு வந்த முதல் கோடையிலேயே அப்படி ஒன்று கருகியது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு நாயாய் அலைந்தது. அந்தம்மாள் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. அதிலிருந்து திங்கள்கிழமை தவறாமல் கயிற்றில் சொம்பைக் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறதென்று நோட்டில் எழுதிவிடுவார். யாரும் ஏவவில்லை, பயம்தான் ஏவியது.

அந்த நோட்டுதான் இப்போது ஊருக்குக் கைகொடுத்தது. ஒரு வருஷமாக ஆற்றில் மணல் அள்ளும் குவாரிக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். போன வைகாசியில் இருபத்திரண்டடியில் இருந்த தண்ணீர் இந்த வைகாசியில் இருபத்தொன்பதில் கிடந்தது. குழாயின் வாய் முப்பதில். இருசம்மாளின் அக்காள் மகன் வேல்முருகன்தான் அதை எதிர்த்து ஆள் திரட்டி, இந்த நோட்டைக் காட்டி மனுக் கொடுத்தவன். 'இன்னும் ஓரடிதான்' என்று தட்டி வேறு எழுதி நிறுத்திவிட்டான்.

அந்த மனுவுக்கான விசாரணைக் கூட்டத்தன்று காலையில் மறுபடி ஒருமுறை அளக்கப் போனார். குனிந்தபோது கிணற்றுச் சுவர் மார்பில் இடித்தது. முன்பெல்லாம் முழங்காலுக்குச் சற்று மேலேதானே நின்றது இந்தச் சுவர்? அப்போதுதான் உறைத்தது. ஆடு ஒன்று உள்ளே விழுந்ததென்று போன ஆடியில் பஞ்சாயத்தில் இரண்டடி உயர்த்திக் கட்டினார்கள். இவர் பாட்டுக்குப் புதுச் சுவரின் தலையிலிருந்தே கயிறு விட்டு, அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். தண்ணீர் இறங்கியது ஏழடியில்லை, ஐந்தடி.

சொன்னால் ஊர் காறித் துப்பும். சொல்லாமல் விட்டால், நாளைக்கு எவனாவது டேப்பை விட்டு அளந்து நோட்டையே பொய் என்பான். வேல்முருகனிடம் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தார். அவன் மைக் செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குப் போனார்.

அரியலூரிலிருந்து வந்திருந்த அதிகாரி பேர் சொல்லிக் கூப்பிட்டபோது எழுந்தார். நோட்டைப் பிரித்து அவர் மேசையில் வைத்தார்.

"சார், என் நோட்டுல ரெண்டடி தப்புங்க. செவுத்த ஒசத்திக் கட்டுனத நான் கழிக்கலைங்க. தண்ணி இருபத்தொம்பதுல இல்ல, இருபத்தேழுல கெடக்கு."

வேல்முருகன் முகத்தில் ஈயாடவில்லை. குவாரிக்காரர்களின் ஆள் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"அப்ப கொழாய்க்கு மேல மூணடி தண்ணி நிக்குது. இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?"

இருசம்மாளுக்குச் சுள்ளென்று ஏறியது.

"நிக்குது, இல்லங்கல. ஒரு வருஷத்துல அஞ்சடி எறங்கியிருக்கு. நீங்க கேக்குறது ரெண்டு வருஷம். மூணடிய வச்சுக்கிட்டு நாங்க எத்தன நாளைக்குக் குடிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

அதிகாரி அந்த ஆளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். கிணற்றைத் தாங்களே வந்து அளந்து முடிக்கும் வரை ஆற்றில் ஒரு லாரியும் இறங்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் வேல்முருகன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏன் சின்னம்மா, முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்னைய பேச வுட்டிருப்பியாடா?"

அவன் 'இன்னும் ஓரடிதான்' தட்டியைப் பிடுங்கப் போனான்.