பூஜைக்கு உட்காராத பெட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரம் வெட்டி அழுத்துகிற எங்கள் பிரஸ் ஷாப்புக்கு வந்தால், தாட்சாயிணி யார் என்று கேட்கவே வேண்டாம். மெஷின் சத்தத்தையும் மீறி யாருடைய குரல் கேட்கிறதோ, அவள்தான். பக்கத்துக் கோவில்பதாகை ஊர்க்காரி. நெல் விளைந்த குடும்ப நிலம் எப்போதோ மனையாகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் வரப்பில் நின்று கூப்பிடுகிற குரல். பக்கத்து மேசையில் பேக்கிங் பார்க்கிற எனக்குக் காது போனால் அவள்தான் பொறுப்பு.

எஸ்டேட்டில் ஒரு சனிக்கிழமை முதலுதவிப் பயிற்சி என்றார்கள். மதியம் பிரியாணி போடுகிறார்கள் என்று தெரிந்ததும் இவள் பெயர் கொடுத்தாள். போனவள் வேறு ஆளாகத் திரும்பி வந்தாள். வந்ததும் சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியை இறக்கிக் கவிழ்த்தாள். விபூதிப் பொட்டலம், யாருடையதோ சீப்பு, காய்ந்துபோன டிஞ்சர், பசை விட்டுப்போன பிளாஸ்டர் எல்லாம் விழுந்தன. கத்தரிக்கோலைக் காணோம். அது சூப்பர்வைசர் ஆனந்தனிடம் டேப் வெட்டிக்கொண்டிருந்தது. தகரம் வெட்டுகிற இடத்தில் இதை நம்பியா வேலை செய்தோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்றிலிருந்து பெட்டி அவளுடையது. எங்கள் முதலாளி பக்தவத்சலம் அமாவாசை தவறாமல் மெஷின்களுக்குக் கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பார். அந்த நாளை யாராலும் மறக்க முடியாது என்பதால் பெட்டி பார்க்கவும் அவள் அதையே வைத்துக்கொண்டாள். அங்கே மணி அடிக்கும். இங்கே இவள் கட்டுத்துணியைப் பரப்பி, காலாவதித் தேதி பார்த்து, வெயிலில் பிசுபிசுத்த கையுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலால் ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்து அடுக்குவாள். நல்ல நேரத்தில் கட்டுத்துணியை விரிப்பது ரத்தத்தை வாசலில் நின்று அழைப்பது மாதிரி என்று முதலாளி பல்லைக் கடிப்பார். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே.

விஷயம் முற்றியது போன ஆயுத பூஜையில். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் பட்டறை வழக்கம். ஸ்பானர் முதல் துடைப்பம் வரை சந்தனம் குங்குமத்தோடு வரிசையில் உட்காரும். முதலுதவிப் பெட்டியும் மாலை போட்டுக்கொண்டு உட்காரும். அதற்கு முந்தைய வருஷ ஆயுத பூஜையன்று ஆனந்தன் தகரத்தை மிதித்துக் காலைக் கிழித்துக்கொண்டார். பெட்டியைத் தொடப் பயந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு மெடிக்கல் ஷாப் வரைக்கும் நொண்டினார். அதைத் தாட்சாயிணி மறக்கவில்லை. இந்த முறை பெட்டிக்குப் பொட்டு வைத்தாள், பூ வைத்தாள், வரிசையில் வைக்காமல் திரும்பச் சுவரிலேயே மாட்டிவிட்டாள்.

முதலாளி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அவள் இறங்கி வரவில்லை.

"பொட்டு வெச்சிகீறேன், பூ வெச்சிகீறேன் மொதலாளி. உக்கார மட்டும் வெக்க மாட்டேன். அடிபடறது இன்னா, லீவு பாத்துகினா வரும்?"

நாளையிலிருந்து பெட்டியை ஆனந்தன் பார்த்துக்கொள்வான் என்று அவர் ஒரே போடாகப் போட்டார். அவள் முகம் வாடிவிட்டது. வேலையைப் பிடுங்கியிருந்தால்கூட அவள் அப்படி நின்றிருக்க மாட்டாள்.

அதே கோபத்தோடு முதலாளி வாசலுக்குப் போய்ப் பூசணிக்காயைத் தூக்கினார். மேலே துளை போட்டுக் குங்குமம் கொட்டியாயிற்று. காசுதான் உள்ளே போகவில்லை. துளையைப் பெரிதாக்கக் கத்தியை ஓங்கிக் குத்தினார். கை முழுக்கச் சிவப்பு. குங்குமம் அப்பிக்கொண்டது என்று நினைத்துச் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். குங்குமம் இப்படி முழங்கை வழியாக ஓடாது என்று முதலில் கண்டவள் தாட்சாயிணிதான்.

இடது மணிக்கட்டுக்குக் கீழே கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. காயத்தில் அப்புவதற்காக ஒருவர் காப்பித்தூள் எடுக்க ஓடினார். அவரை ஒரு அதட்டல் போட்டு நிறுத்திவிட்டு, சுவரிலிருந்த பெட்டியோடு வந்தாள். கையுறையை மாட்டினாள், முதலாளியைத் தரையில் உட்கார வைத்தாள், மடித்த கட்டுத்துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

"கையத் தூக்கு. எறக்காத, சொல்றேன்ல."

பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் ஒருமையில் பேசியிராத மனிதர், சொன்னபடி கையைத் தூக்கினார். துணி நனைந்ததும் அதை எடுத்துவிட்டு வேறு வைக்கச் சொன்னார் ஆனந்தன். எடுக்கவே கூடாது என்று, அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இறுக்கிக் கட்டினாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை. தையல் போட்டார்கள். விரல்கள் எல்லாம் ஒழுங்காக மடங்கி நீண்டன. என்னவோ நானே கட்டுப் போட்ட மாதிரி எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அவ்வளவு பெருமை எனக்கு.

ஆனால் பெட்டி யாருடையது என்று அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அமாவாசை வந்தது. ஆனந்தன் கற்பூரத் தட்டை ஏந்தி நின்றார். தாட்சாயிணி பெட்டிப் பக்கமே போகாமல், கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கட்டுப் போட்ட கையோடு தீப்பெட்டியை எடுத்த முதலாளி, குச்சியை உரசாமல் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, பொட்டிய இன்னும் பாக்கலியா? நீ மொதல்ல பாத்து முடி. அப்பால கொளுத்திக்கலாம்."

பட்டறை மொத்தமும் காத்திருந்தது. தாட்சாயிணி பெட்டியை இறக்கி, மெஷின்களுக்கு நடுவே மேசையை இழுத்துப் போட்டு, கட்டுத்துணியைப் பரப்பினாள். வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்தாள். ஒவ்வொரு தேதியையும் உரக்கப் படித்தாள். மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியாகக் கத்தரிக்கோலால் ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்துவிட்டு, முதலாளியைப் பார்த்துத் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் கற்பூரம் எரிந்தது.